கோடிங் வேலையை விட்டுவிட்டு வளர்ச்சிப் பணிப் பக்கம் போகலாமா?

நிரல்நேசன்

எல்லோருக்கும் வணக்கம். 7 வருடமாக ஜாவா எழுதிப் பிழைக்கிறேன். பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் பேக்எண்ட் வேலை, அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதி. போன காலாண்டு முழுக்க நான் செய்தது என்னவென்றால், ஒரே கூப்பனை ஒருவர் இரண்டு முறை போடாமல் தடுப்பது. சம்பளத்துக்குக் குறையில்லை, மேலாளரும் நல்லவர். ஆனாலும் ராத்திரி படுத்தால் ‘இதற்கா இவ்வளவு படித்தோம்’ என்று மனதில் ஓடுகிறது.

சுகாதாரம், அகதிகள், பேரிடர், கல்வி என்று தொழில்நுட்பத்தை வைத்து வேறு மாதிரி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். தேடினால் ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என்று ஆயிரம் பெயர் வருகிறது. உள்ளே எப்படி நுழைவது, தனிப் பட்டம் வேண்டுமா, சம்பளம் எவ்வளவு அடிபடும், எதுவும் பிடிபடவில்லை.

கையில் ஒரு யோசனையும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனைத் தேதியை நினைவூட்டும் ஆப். வார இறுதிகளில் பாதி எழுதியும் விட்டேன். அதைக் காட்டி வேலை கேட்கலாமா? துறையில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

களத்துமேடு

14 வருடமாக இதில்தான் இருக்கிறேன். நாலு நாடு, ஆறு நிறுவனம். முதலில் ஆப் விஷயத்தை முடித்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை ஓரமாக வையுங்கள்.

2012 ஜனவரியில் உகாண்டா சுகாதார அமைச்சகம், மின்னணுச் சுகாதாரச் சோதனைத் திட்டங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஆளாளுக்கு ஒரு மாவட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு ஆப்பை இறக்கியிருந்தார்கள். ஒன்று சேகரித்தது இன்னொன்றுக்குத் தெரியாது. அமைச்சகத்தின் கணக்கிலும் சேராது. நிதி முடிந்தால் ஆளும் போய்விடுவார், சர்வரும் போய்விடும். இந்த வியாதிக்கு எங்கள் வட்டாரத்தில் ‘பைலட்டைட்டிஸ்’ என்று கேலிப்பெயரே உண்டு, பைலட் என்றால் சோதனைத் திட்டம்.

நீங்கள் சொல்லும் அதே வேலையைத் தென்னாப்பிரிக்கா 2014-இல் மாம்கனெக்ட் என்ற பெயரில் நாடு முழுக்கத் தொடங்கியது. தொடங்கியபோது அதற்கு ஸ்மார்ட்போனே தேவைப்படவில்லை. சாதாரண போனில் நட்சத்திரக் குறியோடு ஓர் எண்ணை அழுத்திப் பதிவு செய்தால் கர்ப்ப மாதத்துக்கு ஏற்ற குறுஞ்செய்தி வரும். நாட்டின் சுகாதாரத் துறையே அதை முன்னின்று நடத்தியது. உங்கள் ஆப்புக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? இதற்குப் பதில் இருந்தால் ஆப்பைத் தொடருங்கள்.

சரி, உண்மையான வேலை எங்கே இருக்கிறது? பெயர் கேட்டால் கொட்டாவி வரும் மென்பொருள்களில். டி.எச்.ஐ.எஸ்.2 என்று ஒன்று. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து வளர்வது, வேர் 1990-களின் தென்னாப்பிரிக்காவில். இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் தடுப்பூசி, மலேரியா, பிரசவக் கணக்கெல்லாம் அதில்தான் ஏறுகிறது. நோயாளி பதிவேட்டுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், 2004-இல் தொடங்கியது. இரண்டுமே திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் இறக்கிப் பார்க்கலாம், மாற்றலாம். இரண்டுக்கும் அடித்தளம் ஜாவா. உங்கள் 7 வருடம் வீண் போகவில்லை, பார்த்தீர்களா.

அப்புறம், இந்த வேலையில் கோடிங் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் நான் ‘தொழில்நுட்பம்’ என்ற பெயரில் செய்தது: 40 டேப்லெட்களைத் திறந்து தேதியைச் சரி செய்தேன். பேட்டரி அடியோடு தீர்ந்துபோன டேப்லெட் மறுபடி உயிர் பெறும்போது 1970 ஜனவரி 1 என்று எழுந்து உட்காரும். அதில் போய் 2021-இல் பிறந்த பிள்ளையைப் பதிந்திருக்கிறார்கள். வயது மைனஸ் 51. தலைமையகத்தில் ஒருவர் அந்த எண்ணோடு சராசரி போட்டு, படம் வரைந்து, கூட்டத்திலும் காட்டிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். என் மூன்றாவது வேலையில் நானே முழுதாக எழுதிய ஒரு மருந்து இருப்புக் கணக்கு. இரண்டு வருடத் திட்டம், கடைசி நாளில் கைதட்டல், குழுப் படம். திட்டம் மூடி எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போக நேர்ந்தது. சர்வர் கட்டணம் கட்டுவாரில்லாமல் எப்போதோ அணைந்திருந்தது. அது தெரியாமல் அங்கே ஒரு மருந்தாளுநர் தினமும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருந்தார். ‘சிக்னல் சரியில்லை போல, இன்னும் போகவில்லை’ என்று என்னிடமே போனை நீட்டினார். அந்த நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அணைந்தால் யார் கட்டுவார்கள் என்று கேட்க வேண்டியவன் நான்.

அரைவேக்காடு

நான் வேறு மாதிரி சொல்கிறேன். போகாதீர்கள். இருக்கும் வேலையில் இருந்துகொண்டு சம்பளத்தில் ஒரு பங்கை நல்ல அமைப்புக்குக் கொடுங்கள்.

இந்தத் துறையின் வரலாறே வெறும் வாணவேடிக்கை. 2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரோபான்டே 100 டாலர் மடிக்கணினி என்று அறிவித்தார், பிள்ளைக்கு ஒன்று என்று. பெரு நாடு 8 லட்சத்துக்கு மேல் வாங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012-இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி வெளியிட்ட முடிவு என்ன? கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் என்று காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று பிளேபம்ப் ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் எத்தனை நேரம் சுற்றுவார்கள்? கடைசியில் பெண்கள்தான் குனிந்து கையால் தள்ளினார்கள். சாதாரண அடிபம்பே அதைவிட மேல்.

தரவுக்காரி

அரைவேக்காடு சொன்ன உதாரணங்கள் சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கென்டாரோ டொயாமா என்ற ஆய்வாளர் வருடக்கணக்காகச் சொல்லிவருவது இதுதான்: தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் மனித எண்ணத்தையும் திறனையும்தான் பெருக்கும். ஆசிரியர் வராத பள்ளியில் மடிக்கணினி எதைப் பெருக்கும்? பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். ஆனால் எல்லா இடமும் பூஜ்ஜியம் இல்லையே.

நான் எழுத வந்தது வேறு. இங்கே எல்லோரும் ‘பயன்படுமா, படாதா’ என்று பேசுகிறீர்கள். கெடுதல் செய்யுமா என்று யாரும் கேட்கவில்லை. என் வேலையே அதுதான், தரவுப் பாதுகாப்பு.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது வெளியே தெரிந்தது. போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் திட்டத்தின் தரவு. 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம். நுழைந்தவர்கள் 70 நாள் உள்ளே இருந்திருக்கிறார்கள். வழி, நேரத்தில் போடாமல் விட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தம். இதைச் சங்கமே வெளிப்படையாக எழுதியது, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். மறைத்தவர்கள் எத்தனை பேரோ.

ரோஹிங்கியா அகதிகளின் கதை இன்னும் கனமானது. வங்கதேச முகாம்களில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சேகரித்த விவரங்களை வங்கதேச அரசு மியான்மாருக்கே கொடுத்தது என்று 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டது. யாரிடமிருந்து தப்பி ஓடி வந்தார்களோ அவர்களிடமே! கேட்டுத்தான் பகிர்ந்தோம் என்று ஆணையம் பதில் சொன்னது. உதவிப் பொருள் வாங்க வரிசையில் நிற்பவரிடம் ‘பகிரலாமா’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று நீங்களே யோசியுங்கள்.

நிரல்நேசன், பணப் பரிமாற்ற நிறுவனத்தில் இருக்கிறேன் என்றீர்கள். யாருக்கு எந்த அனுமதி, எந்தப் பதிவை யார் பார்த்தார்கள், தரவைப் பூட்டும் ரகசியச் சாவியை எங்கே வைப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே அது தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்தக் கூப்பன் வேலைகூட ஒருவருக்கு ஒரு முறைதான் போக வேண்டும் என்ற சிக்கல்தான். முகாமில் ரொக்க உதவி கொடுப்பவர்களும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். என்ன, அங்கே தவறாகத் தடுத்துவிட்டால் ஒரு குடும்பம் அந்த மாதம் பட்டினி.

நிரல்நேசன்

கூப்பனை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

களத்துமேடு அண்ணா, ஆப்பை ஓரமாக வைத்துவிட்டேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. டி.எச்.ஐ.எஸ்.2-இன் மூலநிரலை இறக்கிப் பார்க்கிறேன். பட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே? மான்செஸ்டரில் இதற்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பதாகப் பார்த்தேன்.

வடகிழக்குமூலை

பட்டம் பற்றி நான். ஐ.நா.வில் பி-2, பி-3 என்ற தொடக்க, நடுநிலை அதிகாரிப் பணிகளுக்கு முதுநிலைப் பட்டம் கேட்பது வழக்கம். இளநிலை மட்டும் இருந்தால் கூடுதல் அனுபவத்தை ஏற்றுக்கொள்ளும் பணிகளும் உண்டு. அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். கணினியில் முதுநிலை இருந்தாலே போதும், ‘வளர்ச்சி’ என்ற சொல் பட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிப் படிக்காதீர்கள், அவ்வளவுதான் என் ஆலோசனை. விண்ணப்பத்துக்குப் பணம் கேட்டால் அது மோசடி. ஐ.நா. எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்காது.

பழையசெவிலி

நான் கணினி ஆள் இல்லை. நீங்கள் எழுதும் ஆப்களைக் கையில் வைத்துக்கொண்டு 9 வருடம் வேலை பார்த்தவள். ஒரு காலத்தில் ஒரே நோயாளியின் பெயரை மூன்று ஆப்பில் பதிய வேண்டும், அப்புறம் நோட்டிலும் எழுத வேண்டும். மூன்றும் மூன்று நிறுவனத்துடையவை. நோட்டு மட்டும் எங்களுடையது. மின்சாரம் போனால் நோட்டுதான் நிற்கும்.

நிறைய பேர் வந்து போனார்கள், ஒரு பெண் மட்டும் ஞாபகம் இருக்கிறாள். வந்த முதல் நாள் பேசவே இல்லை, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மாலையில் என்னிடம் வந்து, ‘அக்கா, 62 கேள்வி இருக்கிறது. நீங்கள் 20-வது கேள்விக்குப் பிறகு முகத்தைப் பார்க்காமலே தட்டுகிறீர்கள்’ என்றாள். எனக்குத் திக்கென்றது, உண்மையாக இருந்ததால். எந்தக் கேள்வியின் பதிலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று மேலே எழுதிக் கேட்டாள். பாதிக்கு மேல் யாரும் பயன்படுத்தவில்லை. 62 என்பது 23 ஆனது. அவள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, எடுத்துத்தான் போட்டாள்.

குறுஞ்செய்தி பற்றி மேலே பேச்சு வந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, மற்ற பல எழுத்து முறைகளில் 70-தான் கொள்ளும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். நம் எழுத்தும் அந்த 70-இல்தான் சேர்த்தி, அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். அதனால் நிதி போதவில்லை என்று மேலே இருப்பவர்கள் செய்தியை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்ளத் திணறிய பெண்கள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நினைவூட்டல் மிச்சப்படுத்த நினைத்த நேரம் எல்லாம் அதிலேயே போனது. பிறகு குரல் அழைப்புக்கு மாற்றினார்கள், அது எடுபட்டது.

அரைவேக்காடு

செவிலி அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை மாதிரி நூற்றில் எத்தனை பேர்?

களத்துமேடு

நூற்றுக்கு எத்தனை என்று தெரியாது, ஆனால் தொழில் அதுதான். கென்யாவில் போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் சிறுகடன் தவணை கட்டுவதற்காகச் சோதித்துப் பார்த்தது அது. பிரிட்டன் அரசின் உதவி நிதியும் அதில் இருந்தது. சோதனையில் இருந்தவர்கள் தவணைக்கு மட்டுமா பயன்படுத்தினார்கள்? ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். அதைக் கவனித்த ஆட்கள் திட்டத்தையே திருப்பிப் போட்டு, 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று வெளியிட்டார்கள். ‘இது எங்கள் திட்டத்தில் இல்லை’ என்று தடுத்திருந்தால் அதுவும் உங்கள் பட்டியலில் பிளேபம்ப்புக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

ஒப்பந்தப்பறவை

எல்லோரும் நல்லதாகவே பேசுகிறீர்கள். காசு பற்றி நான் பேசுகிறேன், அடிபட்டவன் என்ற முறையில்.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. அடுத்த வாரமே எங்கள் குழுவுக்கு ‘வேலையை நிறுத்து’ என்று மின்னஞ்சல். மார்ச்சில் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் அந்த அமைப்பே இல்லை, மிச்சம் இருந்தது வெளியுறவுத் துறைக்குள் போய்விட்டது. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3-ஆகக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது.

என் வேலை போனதைவிட உறுத்தியது வேறு. பஞ்சம் வருவதை முன்கூட்டியே சொல்லும் ஃப்யூஸ்நெட் தளம் ஒரே நாளில் இணையத்திலிருந்து காணாமல் போனது. 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் குடும்பநலக் கணக்கெடுப்பு நடத்திய டி.எச்.எஸ். திட்டம் பாதியில் நின்றது. அதில் சிலவற்றுக்குப் பிறகு வேறு வழியில் உயிர் வந்தது, அது வேறு கதை. ஒரே நிதியில் தொங்கும் எதற்கும் இந்தக் கதி வரலாம்.

அதனால் நிரல்நேசன், நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் அவர்களைக் கேளுங்கள். இந்தப் பதவிக்குச் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது? அது எந்த மாதத்தில் முடிகிறது? ஆலோசகர் ஒப்பந்தமா, ஊழியரா? ஐ.நா. ஆலோசகர் என்றால் கேட்கக் கம்பீரமாக இருக்கும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கும் குறைவான ஒப்பந்தம், ஓய்வூதியம் கிடையாது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் இந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் டாஷ்போர்டு வரைகிறேன். திரும்பப் போவேன், எப்போது என்று தெரியாது.

வரைபடக்கிறுக்கி

வேலையை விடாமலே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதநேயக் குழு, சுருக்கமாக ஹாட். 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தலைநகருக்கு உருப்படியான இணைய வரைபடம் இல்லை. உலகம் முழுக்க இருந்த ஆர்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதையே ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே சமயம் 4636 என்ற எண்ணுக்கு உதவி கேட்டு அந்நாட்டு மொழியான ஹைட்டி கிரியோலில் குறுஞ்செய்திகள் குவிந்தன. மென்பொருள் இருந்தது, மொழி தெரியவில்லை. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹைட்டிக்காரர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்த பிறகுதான் அவை இடமும் தேவையுமாக மாறின. எனவே இரண்டு மொழி தெரிவதும் இந்தத் துறையில் ஒரு கருவி. பயோடேட்டாவின் கடைசி வரியில் போட்டு மறைக்காதீர்கள்.

ஹாட் தளத்தில் ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு வீடுகளை வரையலாம், இன்னொருவர் சரிபார்ப்பார். என் முதல் சதுரத்தில் நான் குளம் என்று வரைந்தது மேக நிழல். திருப்பி அனுப்பினார்கள். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பிலும் வீட்டிலிருந்தே செய்யும் பணிகள் உண்டு, சம்பளம் கிடையாது.

நிரல்நேசன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வேலையை விடவில்லை. ஒப்பந்தப்பறவை சொன்ன ஆறு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், என்னிடம் நாலுதான் இருக்கிறது. அதுவரை மாலை நேரங்களில் டி.எச்.ஐ.எஸ்.2. முதல் வாரம் பில்ட் செய்து என் கணினியில் ஓட வைக்கவே முடியவில்லை, அந்தக் கதையை விடுங்கள். பிறகு தேதி சம்பந்தமான பகுதிகளைப் படிக்க ஆரம்பித்தேன், மைனஸ் 51 வயதுப் பிள்ளை மனதில் நின்றதால். எத்தியோப்பிய நாட்காட்டி என்று தனியாக ஒன்று அதில் இருக்கிறது! 30 நாளில் 12 மாதம், அதற்கு மேல் 5 நாளோ 6 நாளோ கொண்ட 13-வது மாதம். 7 வருடமாகத் தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறேன், 13-வது மாதத்தை நான் யோசித்ததே இல்லை.

சோதனைக்கு ஒரு மாதாந்திர அறிக்கை செய்து பார்க்கிறேன். அந்த 5 நாளில் வந்த நோயாளிகளை எங்கே சேர்ப்பது? 12-வது மாதத்தோடா, தனியாகவா, அடுத்த வருடத்திலா? தனியாக வைத்தால் கிராஃபில் ஒரு பள்ளம் விழுகிறது. 12-வது மாதத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன், பார்க்கவும் அழகாக இருக்கிறது.

களத்துமேடு

சேர்க்காதீர்கள். அந்த 5 நாளை என்ன செய்வது என்று அங்கே மாதக் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கும். அந்த மென்பொருளுக்கென்று பயனர் மன்றம் இருக்கிறது, எத்தியோப்பியாவில் இதை இயக்குபவர்கள் அதில் பார்க்கக்கூடும். உங்கள் மூன்று சாத்தியத்தையும் படத்தோடு போட்டு, ‘நீங்கள் நோட்டில் எப்படி எழுதுகிறீர்கள்’ என்று கேளுங்கள். நிரலைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம்.

பழையசெவிலி

நோட்டின் புகைப்படம் கேளுங்கள் தம்பி. பெயர்களை மறைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

நிரல்நேசன்

கேட்டுவிட்டேன் அக்கா. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.